பனி அளக்கும் வேலை: கடற்கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நீ-ஓலெசுண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2008 ஜூலையில் இந்தியா அங்கே ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அதைத் தளமாக வைத்துக்கொண்டு வெஸ்ட்ரே புரோகர்பிரீன், ஃபெய்ரிங்பிரீன் என்ற இரண்டு சிறிய பனியாறுகளை நம் ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் எவ்வளவு பனி சேர்ந்தது, கோடையில் எவ்வளவு உருகி ஓடியது, மிச்சம் என்ன என்பதுதான் கணக்கு. துறைக்குள் இதை ‘மாஸ் பேலன்ஸ்’ என்பார்கள். தமிழில் நிறைச் சமநிலை.

இதற்குப் படிப்பு உண்டு, தேர்வு உண்டு, சம்பளம் உண்டு. செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றத்தில், கேளம்பாக்கத்தில் படிக்கிற ஒருவர் இந்த வேலைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். பனியையே பார்த்திராத ஊரில் பிறந்தது ஒரு குறையே அல்ல. இந்த வேலைக்குத் தேவையான முதல் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள மாமல்லபுரம் கடற்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பழக்கம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

எங்கோ இருக்கும் பனி, இங்கே ஏன்

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் பெரும் பனிவிரிப்புகளை விட்டுவிட்டால், உலகில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு அருகில் பனியாறுகள் உள்ளன. 2000 முதல் 2023 வரை இவை ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன என்று பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து கணக்கிட்டு, 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டன. ஏறத்தாழ 36,200 கோடி டன் பனி கரைந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். அப்படியானால் அந்தக் காலத்தில் பனியாறுகள் மட்டும் கடலை 18 மில்லிமீட்டர் உயர்த்தியிருக்கின்றன. ஸ்வால்பார்டில் 2024-ஆம் ஆண்டுக் கோடை கடுமையாக இருந்தது. அந்த ஒரே கோடையில் அந்தத் தீவுக்கூட்டம் 6,200 கோடி டன் அளவுக்குப் பனியை இழந்தது.

இதில் நம் கரைக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு விஷயம் இருக்கிறது. பெரும் பனித்திரள் தன் எடையின் ஈர்ப்பால் அருகிலுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பனி குறைந்தால் அந்த இழுப்பும் தளரும். ஆகவே பனி உருகும் இடத்துக்குப் பக்கத்தில் கடல்மட்டம் இறங்குகிறது. தொலைவில், வெப்பமண்டலக் கரைகளில், உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. ஆர்க்டிக்கில் கரையும் பனியின் கணக்கு கோவளத்துக்கும் கொக்கிலமேட்டுக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்தை ஒட்டிய கரையில் மணல் அரிக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, “துருவப் பனி உருகியதால்தான்” என்று எழுதுகிறவரை எந்த நல்ல ஆய்வுக் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கரை நெடுக மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்று வீசும்போது தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டு மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஒரு கல்தடுப்போ துறைமுகச் சுவரோ எழுந்தால் அதன் தென்புறம் மணல் மேடாகும், வடபுறம் அரிக்கும். ஓரிரு பத்தாண்டுகளில் நாம் கண்ணால் பார்க்கும் அரிப்பின் பெரும்பகுதிக்கு இப்படிப்பட்ட காரணங்களே உள்ளன. கடல்மட்ட உயர்வு அதன் அடியில் மெதுவாக, விடாமல் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் அளவீட்டாளரின் முதல் தகுதி.

களத்தில் நடப்பது

பனியாற்றின் மேல்பகுதியில் பனி சேர்கிறது, கீழ்ப்பகுதியில் கரைகிறது. மதுராந்தகம் ஏரிக்கு வரத்துக் கால்வாயில் வருவதையும் மதகிலும் கலங்கலிலும் போவதையும் நீர்வளத் துறையினர் கணக்கு வைப்பதைப் போலத்தான் இதுவும். ஒரே வேறுபாடு, பனியாற்றின் வரவும் செலவும் ஒரு வாய்க்கால் வழியே நடப்பதில்லை; பல சதுர கிலோமீட்டர் பரப்பில் இடத்துக்கு இடம் மாறி நடக்கின்றன. அதனால் பரப்பு முழுக்க நடந்து அளக்க வேண்டியிருக்கிறது.

சிறிய பனியாறுகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இதுவே. ஐந்தாறு சதுர கிலோமீட்டர் பனியாற்றை ஒரு சிறு குழு ஓரிரு நாளில் முழுக்க அளந்துவிடலாம். நிலத்திலேயே முடிகிற பனியாறாக இருந்தால் இன்னும் நல்லது. கடலில் முடிகிற பனியாறு முகப்பில் பாளம் பாளமாக உடைந்து விழும். அந்த இழப்பைத் தனியாக அளக்க வேண்டும். நிலத்தில் முடிவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பெறுகிறது, மேற்பரப்பில்தான் இழக்கிறது. நீ-ஓலெசுண்ட் அருகிலேயே ஆஸ்ட்ரே புரோகர்பிரீன், மிட்ரே லோவன்பிரீன் என்ற இரண்டு சிறிய பனியாறுகளை நார்வே துருவ ஆய்வு நிறுவனம் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இடைவிடாமல் அளந்து வருகிறது. ஸ்வீடனின் ஸ்டோர்கிளாசியாரன் இன்னும் மூத்தது. அங்கே 1946-இலிருந்து கணக்கு இருக்கிறது. இமயத்தில் லாஹௌல் பகுதியின் சோட்டா ஷிக்ரி 2002-இலிருந்து அளக்கப்படுகிறது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினர் அதில் முன்னின்றவர்கள்.

வேலை ஆண்டுக்கு இரண்டு பருவமாக நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில், உருகத் தொடங்குவதற்கு முன், குளிர்காலப் பனியின் ஆழத்தை அளக்கப் போவார்கள். நீளமான உலோகக் குச்சியைப் பனிக்குள் செருகி, அடியிலுள்ள பழைய பனிக்கட்டியில் முட்டும்வரை இறக்கி ஆழத்தைக் குறிப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள். சில இடங்களில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காக உருளையில் பனியை எடுத்து நிறுப்பார்கள். ஆழம் மட்டும் தெரிந்து பயனில்லை. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. அடர்த்தி தெரிந்தால்தான் அது எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியும். கணக்கு எப்போதும் தண்ணீரின் உயரத்தில்தான் எழுதப்படும். அதற்கு நீர்ச் சமானம் என்று பெயர்.

கோடை முடிவில், செப்டம்பரை ஒட்டி, இரண்டாவது பயணம். இப்போது பார்ப்பது கம்பங்களை. ஆவித் துளைக்கருவியால் பனிக்கட்டியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுக் கம்பத்தை இறக்கியிருப்பார்கள். ஸ்வால்பார்டில் அலுமினியம், சோட்டா ஷிக்ரியில் மூங்கில். கம்பத்தைச் சுற்றிப் பனிக்கட்டி கரையக் கரைய வெளியே தெரியும் நீளம் கூடும். சென்ற செப்டம்பரில் வெளியே 0.80 மீட்டர், இந்தச் செப்டம்பரில் 2.30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 1.50 மீட்டர் பனிக்கட்டி. அதன் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு என்பதால் 1.35 மீட்டர் நீர்ச் சமானம்.

கேட்க எளிது. தவறு நுழையும் வாசல்களும் இங்கேதான் இருக்கின்றன. கம்பம் துளைக்குள் மெல்லக் கீழே இறங்கலாம். அப்போது உருகியது குறைவாகத் தெரியும். கம்பத்தைச் சுற்றி மட்டும் வெயிலில் குழி விழலாம். அப்போது கூடுதலாகத் தெரியும். ஸ்வால்பார்டில் இன்னொன்றும் உண்டு. வசந்தத்தில் மேலே உருகும் நீர் குளிர்ந்த பனிக்குள் இறங்கி, அடியிலுள்ள பனிக்கட்டியின் மேல் மறுபடி உறைந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பனி குறைந்திருக்கும். பனியாறோ எதையும் இழந்திருக்காது. குழி வெட்டிக் கையால் தொட்டுப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. செயற்கைக்கோள் வந்த பிறகும் கம்பமும் மண்வெட்டியும் ஓய்வு பெறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

பயிற்சிக்காக ஒரு பனியாற்றைக் கற்பனை செய்வோம். பரப்பு 5 சதுர கிலோமீட்டர். கீழ்ப்பகுதி 2 சதுர கிலோமீட்டரில் இழப்பு 1.35 மீட்டர் நீர்ச் சமானம். நடுப்பகுதி 2 சதுர கிலோமீட்டரில் இழப்பு 0.50 மீட்டர். மேல்பகுதி 1 சதுர கிலோமீட்டரில் வரவு 0.40 மீட்டர்.

மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் இழப்பு 0.48 மீட்டர் என்று வரும். அது தவறு. ஒவ்வொன்றையும் அதன் பரப்பால் பெருக்க வேண்டும்: 2.70 இழப்பு, 1.00 இழப்பு, 0.40 வரவு, நிகர இழப்பு 3.30. அதை 5-ஆல் வகுத்தால் 0.66 மீட்டர். முதல் விடைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இந்த 0.66 மீட்டர் அந்தப் பரப்பில் 33 லட்சம் கன மீட்டர் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 116 மில்லியன் கன அடி. தூர்வாரும் பணிக்கு முந்தைய கணக்கில் மதுராந்தகம் ஏரியின் முழுக் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. அதில் ஆறில் ஒரு பங்கு. ஒரு குட்டிப் பனியாறு ஓர் ஆண்டில் இழப்பது இவ்வளவு.

பிளஸ் டூ கணிதம் போதும் இதற்கு. நேர்முகத் தேர்வில் இந்த மாதிரிக் கணக்கைத் தாளில் போடச் சொன்னால் திணறாமல் போட வேண்டும்.

செயற்கைக்கோளின் பங்கு

கம்பங்கள் இல்லாத லட்சக்கணக்கான பனியாறுகளுக்கு வானிலிருந்து பார்ப்பதே வழி. ஒரே பனியாற்றின் மேற்பரப்பு உயரத்தை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். அமெரிக்காவின் ஐஸ்சாட்-2 லேசரால் உயரம் அளக்கிறது. கிரேஸ் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை வைத்து எடையையே கணிக்கின்றன. ஆனால் அவற்றின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலமானது, ஒரு சிறு பனியாறு அதில் தனியாகத் தெரியாது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. பனியாற்றின் நகர்வை அளக்க இது பெரிய வாய்ப்பு. இன்னும் பல ஆண்டுகளுக்கு இந்தத் தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இந்திய நிறுவனங்களில் தேவை இருக்கும் என்பது என் கணிப்பு.

ரேடார் அலை காய்ந்த பனிக்குள் பல மீட்டர் இறங்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அது காட்டும் ‘மேற்பரப்பு’ உண்மையான மேற்பரப்புக்குக் கீழே இருக்கலாம். உயர மாற்றத்தை எடையாக்கும்போதும் ஓர் அடர்த்தியை அனுமானிக்க வேண்டும். கன மீட்டருக்கு 850 கிலோ என்பது வழக்கம், அதிலும் 60 கிலோ கூடுதல் குறைவுக்கு இடம் விட்டுத்தான் எழுதுவார்கள்.

கடற்கரையில் தொடங்குங்கள்

இப்போது அந்தப் பழக்கம். அதே இடம், அதே முறை, அதே பருவம். திரும்பத் திரும்பப் போவது. பனியாற்று அளவீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு முறை பிரமாதமாக அளந்தவரால் பயனில்லை. சுமாரான கருவியோடு பல ஆண்டு ஒரே கம்பத்துக்குத் திரும்பிப் போனவரின் குறிப்பேடுதான் உலகத்துக்குத் தேவைப்படுகிறது.

மாமல்லபுரம், தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி என்று நீளும் கரையில் இதை நீங்கள் இப்போதே செய்யலாம். தேவையானவை ஒரே உயரமுள்ள, சென்டிமீட்டர் கோடு போட்ட இரண்டு கம்புகள், இரண்டு மீட்டர் கயிறு, ஒரு நோட்டு, ஒரு நண்பர். அசையாத அடையாளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கட்டடத்தின் மூலை, பாலத் தூண், ஏதாவது. அங்கிருந்து கடலை நோக்கி நேர்கோட்டில் கம்புகளை ஒவ்வொரு கயிற்று நீளத்துக்கும் நகர்த்துங்கள். கரைப்பக்கக் கம்புக்குப் பின்னால் நின்று, முன்கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்த்தால், அந்தக் கோடு உங்கள் பக்கத்துக் கம்பில் வெட்டும் இடம் இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைச் சொல்லிவிடும். கடலோரத்தில் தொடுவானமே மட்டப்பலகை. கே. ஓ. எமெரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1961-இல் எழுதி வைத்த முறை இது. உலகெங்கும் இன்றும் கடற்கரை அளப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மாதம் ஒரு முறை, அதே கோட்டில், வற்றம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும்போது அளந்து வாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் அளக்க வேண்டும். பனியாற்றின் வசந்தப் பயணமும் இலையுதிர்ப் பயணமும் போல அந்த இரண்டும் உங்கள் ஆண்டின் இரண்டு முனைகள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அளந்தபின் நண்பர் தனியாக அளக்கட்டும். இருவர் விடைக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் பிழை எல்லை. இரண்டு மாதங்களுக்கு இடையே தெரியும் மாற்றம் அந்த எல்லைக்குள் இருந்தால், மாற்றம் இருக்கிறது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. அப்படியே எழுதுங்கள். பட்டம் பெற்ற பலருக்கும் கைவராத பயிற்சி இது.

கடற்கரைக் கோயிலைச் சுற்றியுள்ள இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே அனுமதியில்லாமல் கம்பு ஊன்ற வேண்டாம். மீனவர் குப்பங்களுக்கு அருகே போனால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட்டு, படகு ஏற்றும் இடத்தையும் வலை காய்கிற இடத்தையும் விட்டு விலகி அளவெடுங்கள். எந்த மாதம் எங்கே மணல் ஏறும், எங்கே இறங்கும் என்று அவர்களிடம் கேட்டு, சொன்னதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோடு காட்டுவதோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

இப்படி ஓர் ஆண்டுக் குறிப்பேடு கையில் இருந்தால், பள்ளிக்கரணையின் ஆய்வு நிறுவனங்களில் சொல்ல உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று பொருள். அங்கே வேளச்சேரி-தாம்பரம் சாலையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் அதே வளாகத்தில் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருபவை. துருவ ஆய்வை நடத்தும், கோவா மாநிலம் வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் அதே அமைச்சகம்தான். 2014 ஜூலையில் நீ-ஓலெசுண்டை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டின் அடியில், ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில், ‘இண்டார்க்’ என்ற கருவித்தொகுதியை இந்தியா நிறுவியது. அதை வடிவமைத்ததில் பள்ளிக்கரணைப் பொறியாளர்களுக்குப் பங்குண்டு. பனியாறுகளிலிருந்து வரும் நன்னீர் கடலை என்ன செய்கிறது என்று பார்க்கும் கருவி அது. உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் ஆர்க்டிக் வேலை நடந்திருக்கிறது.

எந்தப் படிப்பு

பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் அவசியம். அதற்குப் பிறகு வழி ஒன்றல்ல. புவியியல், இயற்பியல், கணிதம், சிவில், புவித்தகவலியல் எதிலிருந்தும் வரலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் புவித்தகவலியல் பி.இ. இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் புவியியல் படிக்கலாம். உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ படித்தவர் எந்த வகையிலும் பின்தங்கியவர் அல்ல. ‘ஜாம்’ தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் முதுநிலைக்குப் போகலாம்.

ஆராய்ச்சிக்கு வாசல் சி.எஸ்.ஐ.ஆர்-நெட் அல்லது கேட். நெட்டில் ‘புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல்’ என்று தனிப் பாடமே உண்டு. பனியாற்று வேலை நடக்கிற முக்கிய இடங்கள்: கோவாவின் துருவ மையம், டேராடூனில் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனமும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும், ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அரசுப் பணியே வேண்டும் என்றால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. அண்டார்க்டிகாவின் ஷிர்மாக்கர் சோலையில் தட்சிண கங்கோத்ரி பனியாற்றின் முகப்பை 1980-களிலிருந்து கவனித்து வருகிறவர்கள் இந்தத் துறையினர்.

துருவ மையத்தில் சேர்ந்தால் ஸ்வால்பார்ட் மட்டுமே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இமாசலத்தின் சந்திரா ஆற்றுப் படுகையில், சுத்ரி டாக்கா பனியாற்றருகே, 4,000 மீட்டருக்கு மேலான உயரத்தில், 2016-இல் அந்த மையம் ‘ஹிமான்ஷ்’ நிலையத்தை அமைத்தது. ஒரே ஆய்வாளர் ஓர் ஆண்டில் இமயத்திலும் ஆர்க்டிக்கிலும் வேலை செய்வது சாத்தியம்.

கல்லூரியில் இருக்கும்போதே இரண்டு திறமைகளை வளர்த்துக்கொள்ளுங்கள்: வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ், நிரல்மொழி பைத்தான். இரண்டும் இலவசம். சூரிச்சில் உள்ள உலகப் பனியாறு கண்காணிப்புச் சேவையின் தரவுகளும் இலவசம். அதிலிருந்து மிட்ரே லோவன்பிரீனின் ஆண்டுக் கணக்கை இறக்கி, வரைந்து, எந்த ஆண்டில் ஏன் அதிகம் இழந்தது என்று கோடை வெப்பநிலையோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். சான்றிதழ்க் கட்டைவிட அந்த இரண்டு பக்கம் பேசும்.

பட்டம் இல்லாதவர்களுக்கும்

இதைப் பலர் சொல்வதில்லை. அண்டார்க்டிகாவில் உள்ள மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் இயக்குபவர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், தச்சர், சமையல்காரர், செவிலியர் எல்லோரும் வேண்டும். துருவ மையம் ஒப்பந்த அடிப்படையில் இவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. அறிவிப்பு அதன் இணையதளத்தில் வரும். ஐ.டி.ஐ. முடித்து, மறைமலைநகர் அல்லது ஒரகடம் தொழிற்சாலைகளில் சில ஆண்டுகள் டீசல் வண்டிகளோடு பழகிய ஒருவருக்கு இது உண்மையான வாய்ப்பு. பனிவண்டி ஓடாவிட்டால் ஆய்வாளர் கம்பத்தருகே போகவே முடியாது. உறைகுளிரில் எரிபொருள் குழாயைச் சரிசெய்யத் தெரிந்தவரை அங்கே எல்லோரும் மதிப்பார்கள்.

அண்டார்க்டிகாவுக்குப் போகிறவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் விரிவான மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பனிப் பயிற்சியும் வழக்கம். பெண்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் கடலியலாளர் அதிதி பந்தும் 1983-84-லேயே அண்டார்க்டிகாவில் இறங்கினார்கள். இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் பாரதி நிலையத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கிப் பணியாற்றினார்.

உடம்பும் பணமும்

பத்துப் பதினைந்து கிலோ சுமையோடு மணிக்கணக்கில் நடக்க வேண்டும். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை வாரம் மூன்று நாள் முதுகில் சுமையோடு ஏறி இறங்குவது நல்ல தொடக்கம். பிறகு உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி ஆகிய ஊர்களில் உள்ள மலையேற்ற நிறுவனங்களில் ஒன்றில் நான்கு வார அடிப்படைப் பயிற்சி முடித்தால், கயிறும் பனிமுள் காலணியும் பழகிவிடும். பனிப்பிளவில் விழுந்தவரை மேலே இழுப்பதையும் அங்கே சொல்லித் தருவார்கள். ஸ்வால்பார்டில் ஊர் எல்லையைத் தாண்டுகிற எவரும் துருவக் கரடியை விரட்டும் சாதனத்தோடுதான் போக வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கிப் பயிற்சி களக்குழுக்களில் வழக்கமான ஒன்று.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதற்குப் பிறகு நிரந்தரப் பணி கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். பனியாற்றுக்கென்றே உள்ள நிரந்தர இடங்கள் இந்தியாவில் குறைவு. குடும்பம் உங்கள் சம்பளத்தை உடனே எதிர்பார்க்கிறது என்றால், முதலில் நில அளவை அல்லது புவித்தகவல் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துகொண்டே தேர்வுக்குப் படிப்பது நியாயமான முடிவு. இந்தத் திறமை வீணாகாது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து தீஸ்தா ஆற்றின் சுங்தாங் அணையை அடித்துச் சென்ற பிறகு, இமய நீர்மின் திட்டங்களுக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் பனியாறு தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கடலோர அளவை, அணை நீரியல், நீர்வளத் துறை எல்லாவற்றிலும் இதே அளவீட்டு ஒழுக்கம்தான் கேட்கப்படுகிறது.

நேர்முகத் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வி

“செப்டம்பரில் போகிறீர்கள். பத்துக் கம்பங்களில் இரண்டு, சுற்றியிருந்த பனிக்கட்டி முழுக்கக் கரைந்ததால், வெளியே வந்து விழுந்து கிடக்கின்றன. என்ன எழுதுவீர்கள்?”

மிச்சம் எட்டின் சராசரியை எடுப்பேன் என்று சொன்னால் இடம் போய்விடும். கம்பம் விழுவது பெரும்பாலும் அதிகமாக உருகிய இடத்தில்தான். அந்த இரண்டை விட்டுவிட்டால் பனியாறு உண்மையைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் கணக்கு காட்டும். கம்பம் எவ்வளவு ஆழத்தில் நடப்பட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இழப்பு குறைந்தது அந்த அளவாவது இருக்கும் என்று எழுத வேண்டும். பிறகு அதே உயரத்தில் இருக்கும் பக்கத்துக் கம்பங்களையும் சென்ற ஆண்டுகளின் போக்கையும் வைத்து ஒரு மதிப்பீடு. அது மதிப்பீடு என்ற குறிப்போடு, பிழை எல்லையைக் கூட்டி, தனிப் பத்தியில். அடுத்த முறை அந்த இடத்தில் இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

புயலால் கரைக்குப் போக முடியாத மாதம் உங்கள் மாமல்லபுரக் குறிப்பேட்டிலும் கட்டாயம் இருக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தேர்வுக் குழுவிடம் காட்டுங்கள்.